தேமேத்திரியுவின் மூன்று சாட்சிகளும் இயந்திர முகவரின் பதிவும்

ஆதித் திருச்சபையின் சிபாரிசு நிருபங்களைப் பற்றி வகுப்பில் விளக்கும்போது, அவை வழக்கொழிந்த பழங்கதை என்று எண்ணி மாணவர் கேட்டுவிட்டுப் போவதுண்டு. அவ்வழக்கம் இன்று எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தோன்றியுள்ளது. இட்ட பணியை ஏற்று, அதற்கான படிகளைத் தானே வகுத்து, கடிதம் எழுதவும் பொருள் வாங்கவும் பணம் செலுத்தவும் வல்ல கணினி நிரலைச் செயற்கை நுண்ணறிவு முகவர் என்கின்றனர். ஒருவருடைய முகவர் முன்பின் அறியாத மற்றொருவருடைய முகவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ய நேர்ந்தால், அதனை நம்புவது எங்ஙனம்? வாசலில் வந்து நின்ற அந்நியப் பிரசங்கியாரைக் குறித்து முதல் நூற்றாண்டுச் சபையார் கேட்ட வினாவும் இதுவே.

இவ்வினாவுக்கு விடையாக, எத்தீரியம் என்னும் பொதுப் பதிவேட்டு அமைப்பைச் சார்ந்தோர் 2025 ஆகஸ்டில் இ.ஆர்.சி. 8004 என்னும் வரைவு நெறியை முன்வைத்தனர். அதில் மூன்று ஏடுகள் உள்ளன: முதலாவது அடையாள ஏடு, இரண்டாவது நன்மதிப்பு ஏடு, மூன்றாவது சரிபார்ப்பு ஏடு.

அடையாள ஏட்டில் முகவரைப் பதிவோர்க்கு ஓர் எண் கிடைக்கும். முகவரின் பெயர், அது செய்யும் பணி, அதனை அணுகும் வழி ஆகியவற்றைக் கூறும் கோப்பு ஒன்று அவ்வெண்ணோடு இணைக்கப்படும். கோப்பு இந்த முகவருக்குரியதே என்பதைப் பதிவேடு காட்டும். கோப்பில் சொல்லியபடி முகவர் நடக்கும் என்று அது உறுதி கூறாது. நெறியை வகுத்தோரே இதனை ஒளிக்காமல் எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. நம் திருமுழுக்குப் பதிவேடும் ஒருவர் திருமுழுக்குப் பெற்றதைச் சொல்லுமேயன்றி அவர் நடத்தையைச் சொல்லாது அன்றோ? ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டிலுள்ள தம் பெயரை எவரும் பிறருக்கு விற்க முடியாது. முகவரின் எண்ணோ ஓர் உடைமை போன்றது. அதனை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மாற்றும்போது அவ்வெண்ணின்மேல் சேர்ந்த நற்பெயரும் உடன்செல்லும். ஊழியர் ஒருவருடைய சிபாரிசுக் கடிதத்தை வேறொருவர் விலைக்கு வாங்கி எடுத்துவருவதை ஒத்தது இது.

நன்மதிப்பு ஏட்டில், முகவரைப் பயன்படுத்தியோர் தங்கள் மதிப்பீட்டைப் பதிவர். எழுதியவர் அதனைப் பின்னர் விலக்கிக்கொள்ளலாம். பிறர் அதற்கு மறுமொழியும் சேர்க்கலாம். ஆனால் ஒரே ஆள் நூறு முகவரிகளைத் திறந்து, தனக்குத் தானே நூறு புகழுரை எழுதிக்கொள்வதை எவர் தடுப்பார்? இத்தீங்குக்கு ‘சிபில் தாக்குதல்’ என்று பெயர். பல ஆளுமைகள் கொண்டவளாகக் கூறப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1973இல் வெளிவந்த நூலின் தலைப்பே அப்பெயர். பொது அதிகாரம் ஒன்று ஆட்களை அடையாளங்காட்டாத இடத்தில் இதனை முற்றும் ஒழித்தல் அரிது என்று ஜான் டௌசர் 2002இலேயே காட்டினார். மனிதர் கடைகளுக்கு எழுதும் மதிப்புரைகளிலும் இந்நோய் உண்டு; பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்கியதையும் தடைசெய்ய அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் விதி இயற்ற வேண்டியதாயிற்று.

சரிபார்ப்பு ஏடு வேறு வகையினது. முகவர் செய்த வேலையை மற்றொருவர் மறுபடி செய்து பார்த்தோ, கணித முறையால் சோதித்தோ, 0 முதல் 100 வரை மதிப்பளிப்பார்.

இனி மூன்றாம் யோவான் நிருபத்தின் 12ஆம் வசனத்தைக் கவனிப்போம். தேமேத்திரியுவுக்கு மூன்று சாட்சிகள் கூறப்படுகின்றன: எல்லாரும் தரும் சாட்சி, சத்தியமே தரும் சாட்சி, மூப்பர் தரும் சாட்சி. இரண்டாவது சாட்சியை ஆவியானவரின் சாட்சியாகக் கொள்வாரும் உளர். அவன் வாழ்க்கை சத்தியத்தோடு பொருந்தியிருந்தது என்பதே நேர்பொருள் என நாம் கருதுகிறோம். அங்ஙனமாயின் முதற்சாட்சி நன்மதிப்பு ஏட்டையும், இரண்டாவது சரிபார்ப்பு ஏட்டையும் ஒத்திருக்கின்றன. மூன்றாவதற்கு நேரான ஏடு எது? மூப்பர் தம் சொல்லையே ஈடாக வைக்கிறார். அதுவும் எப்பொழுது? சகோதரரை ஏற்க மறுத்து, ஏற்றவர்களையும் சபைக்குப் புறம்பாக்கிய தியோத்திரேப்புவைக் கண்டித்தவுடனே. சரிபார்ப்போர் பணத்தை ஈடாக வைத்து, பொய் கூறினால் அதனை இழக்கும் ஏற்பாட்டைப் புதிய நெறி தானே வகுக்காமல், அதனைப் பயன்படுத்தும் தனித்தனிச் சரிபார்ப்பு முறைகளுக்கு விட்டுவிடுகிறது. அது மூப்பரின் சாட்சிக்குச் சற்றே அண்மையானது. எனினும் பணத்தை இழந்தவர், தீங்கடைந்தவரின் வீட்டுக்குச் சென்று பதில் சொல்வதில்லை.

இதனை நாம் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், இரண்டே முறை ஆராதனைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு, அவர் தாயாரின் வேண்டுகோளுக்கு இரங்கி, வேறோர் ஊர்ச் சபைக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தோம். ஆறு மாதத்தில் அச்சபையின் வாலிபர் சங்கப் பணத்தோடு அவர் மறைந்தார். அச்சபையின் ஆயர் எமக்கு எழுதிய அஞ்சலட்டையில் வசைச்சொல் ஏதுமில்லை. எமது கடிதத்தின் தேதி மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. நாம் பேருந்தேறிச் சென்று சங்கத்தார் முன் நின்றோம். அவர்கள் எம்மைத் தேடிக் கண்டடைய முடிந்தது; அக்கடிதத்தின் பயன் இறுதியில் அதுவாகவே இருந்தது.

பெபேயாளைப் பவுல் ரோமருக்கு ஒப்புவித்ததும் (ரோமர் 16:1,2), அப்பொல்லோவுக்காக எபேசுச் சகோதரர் அகாயாவுக்கு எழுதியதும் (அப். 18:27) இவ்வகையினவே. கல்செதோன் சங்கம் 451இல் தன் 13ஆம் விதியில், தம் சொந்தப் பேராயரின் சிபாரிசு நிருபமின்றி வேற்றூர்க் குருமார் ஊழியம் செய்யலாகாது என்று தீர்த்தது. நிருபத்தோடு சோதனையும் நின்றுவிடவில்லை. பிரயாண ஊழியன் மூன்றாம் நாளும் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளன் என்று ‘டிடாக்கே’ கூறுகிறது.

சபை அலுவலகக் கடிதங்களுக்கு மறுமொழி எழுதவும் காணிக்கைக் கணக்குப் பார்க்கவும் முகவர் ஒன்றை அமர்த்தலாமா என்று சில குருசேகரங்களில் இப்போது பேசப்படுகிறது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மதிப்பெண் 98 என்று காட்டுவோரிடம், பதிவின் உரிமையாளர் யார், தவறு நேர்ந்தால் நம் செயற்குழு முன் வந்து நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும். அந்த எண் எப்போதேனும் கைமாறியதா என்பதையும் பார்க்க வேண்டும். கைமாறிய நாள் பொதுப் பதிவேட்டிலேயே இருக்கும்; புகழுரைகள் அந்நாளுக்கு முந்தியவையா பிந்தியவையா என்று கணினி அறிந்த வாலிபர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் பார்த்துச் சொல்லிவிடுவார்.