ஒருவருக்கு ஒரே பெயர்
விண்டோஸ், யூனிக்ஸ் கணினிகளுக்குப் பொது நுழைவு அமைக்கும் முறை

கூட்டுறவுச் சங்கத்திற்கு அங்கத்தினர் பதிவேடு உயிர்நாடி போன்றது. பங்குத்தொகையும், கடனும், கொள்முதலும், பட்டுவாடாவும் அப்பதிவேட்டிலுள்ள எண்ணைக் கொண்டே நடைபெறுகின்றன. ஒருவருக்கு இரண்டு எண்கள் கொடுத்திருந்தாலும், இருவர் ஒரே எண்ணைக் கையாண்டாலும் தணிக்கையாளர் அதைச் சும்மா விடமாட்டார். காகிதப் பதிவேட்டில் இத்துணைக் கண்டிப்புக் காட்டும் நாம், கணினியில் பணிபுரிவோரின் பெயர் விஷயத்தில் மட்டும் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்த அலட்சியத்தால் நேரக்கூடிய நஷ்டத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-ல் குந்தாவில் தோன்றியது. இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாகிய இன்ட்கோசர்வ் 1965-ல் அமைந்தது. அந்நாளில் இலையின் எடையை எழுத்தர் மையால் எழுதுவார். எழுத்தைக் கண்டே எழுதியவர் யார் எனச் சொல்லிவிடலாம். கணினியில் கையெழுத்து இல்லை. எந்தப் பெயரில் உள்ளே நுழைந்தாரோ அந்தப் பெயரே அவருடைய கையெழுத்தாகும்.

குந்தா வட்டாரத்தில் ஒரு சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகத்தில் கணக்கு எழுதும் கணினிகள் மூன்று. அவை விண்டோஸில் இயங்குகின்றன. எடைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் சர்வர், யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸில் இயங்குகிறது. எழுத்தருக்கு விண்டோஸில் ஒரு பெயர், லினக்ஸில் வேறொரு பெயர். இரண்டு கடவுச்சொற்களை நினைவில் வைப்பது தொல்லையென்று, லினக்ஸில் மட்டும் ‘ஆபீஸ்’ என்ற ஒரே பெயரை நால்வரும் பயன்படுத்துகிறார்கள். கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

மாத முடிவில் ஓர் அங்கத்தினர் தம் இலைப்பணம் குறைந்திருப்பதாக முறையிடுகிறார். அவர் கொடுத்தது 84 கிலோ. ஏட்டிலிருப்பது 48 கிலோ. பதிவு பின்னர் திருத்தப்பட்டிருப்பதைக் கணினி காட்டுகிறது. திருத்தியவர் யார் என்றால் ‘ஆபீஸ்’ என்கிறது. எழுத்தர் நால்வரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். குற்றமற்ற மூவர் தம்மைக் காத்துக்கொள்ள வழியில்லை. ஒருவேளை, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுச் சென்றவர் அறிந்திருந்த அதே கடவுச்சொல்லை வேறெவரேனும் உபயோகித்திருக்கலாம். அங்கத்தினரின் 36 கிலோ இலைக்குரிய பணமும், எழுத்தரின் நற்பெயரும் ஆகிய இரண்டுமே இங்கே ஆபத்தில் இருக்கின்றன. நூல் இருப்பைக் கணினியில் வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் இது முற்றும் பொருந்தும்.

இரு குடும்பங்கள் வந்த விதம்

யூனிக்ஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் உருவாகத் தொடங்கியது. அதைப் பின்பற்றி, பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. 1993-ல் வெளிவந்தது. இரண்டும் வெவ்வேறு மரபில் வளர்ந்தவை.

தமிழ்நாட்டில் இவ்விரண்டும் அருகருகே இருப்பது புதிதன்று. 2011-ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. மேலும், நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் அளித்தது. ஆகவே கணினியில் யார் எந்தப் பெயரில் நுழைகிறார் என்ற கேள்வி இனி எந்தச் சங்கத்துக்கும் அந்நியமானதாக இராது.

பட்டியலை நகலெடுத்தால் போதாதோ?

விண்டோஸிலுள்ள பெயர்ப் பட்டியலை லினக்ஸில் அப்படியே எழுதிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதற்குத் தடைகள் இரண்டு உண்டு.

முதலாவது, கடவுச்சொல்லை எந்த முறையும் அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணித வழியில் உருமாற்றி, அந்த உருவத்தை மட்டுமே சேமிக்கிறது. தேயிலைத் தூளிலிருந்து பச்சை இலையைத் திரும்பப் பெற இயலாதவாறு, அந்த உருவத்திலிருந்து மூலச் சொல்லைத் திரும்பப் பெறுதல் அரிது. உருமாற்றும் வழி இரு குடும்பங்களிலும் வேறு வேறாகையால், ஒன்றின் பட்டியல் மற்றொன்றுக்கு உதவாது.

இரண்டாவது, கணினி மனிதரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. யூனிக்ஸில் அது 1001 என்பது போன்ற சிறு எண். விண்டோஸில் அது பல பகுதிகளைக் கொண்ட நீண்ட அடையாள எண். கோப்புகளின் உரிமை இந்த எண்களின் மேல்தான் எழுதப்படுகிறது. நீண்ட எண்ணைச் சிறு எண்ணாக மாற்றும் வேலையை ஒவ்வொரு லினக்ஸ் கணினியும் தன் மனம்போல் செய்தால், ஒரு கணினியில் 10001 ஆகிய எழுத்தர் வேறொரு கணினியில் 10004 ஆகிவிடுவார். அப்போது இரு கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகளில் ஒருவருடைய உரிமை மற்றவருக்குப் போய்விடும். எனவே இம்மாற்றம் எல்லாக் கணினிகளிலும் ஒரே விதிப்படி நடைபெறுதல் இன்றியமையாதது.

மூன்று கேள்விகள்

பொது நுழைவு என்பது மூன்று கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை வைப்பதாகும். சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது முதற்கேள்வி. வந்திருப்பவர் உண்மையில் அவர்தானா என்பது இரண்டாவது. அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது மூன்றாவது.

முதற்கேள்விக்கு விடையளிப்பது பொதுப் பெயரேடு. அதனிடம் கேட்டுப் பதில் பெறும் எல்டாப் என்னும் முறை 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இரண்டாவது கேள்விக்கு விடையளிப்பது கெர்பரோஸ். இது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் வாயில் காக்கும் மூன்று தலை நாயின் பெயரைத் தாங்கியது. மூன்றாவது கேள்விக்கு விடை, நிர்வாகக் கமிட்டி தீர்மானிக்கும் குழுக்களில் உள்ளது: எடை பதிவோர், கணக்கர், தணிக்கையாளர் எனப் பிரித்து, அவரவர்க்குரிய அதிகாரத்தை மட்டும் அளிப்பது.

கெர்பரோஸ் செய்வதை நூல் கிடங்கைக் கொண்டு விளக்கலாம். நெசவாளர் காலையில் அலுவலகத்தில் தம்மை நிரூபித்து, முத்திரையிட்ட சீட்டு ஒன்றைப் பெறுகிறார். பின்பு நூல் வேண்டும்போது அதைக் காட்டி, கிடங்குக்கென்று தனிச்சீட்டு வாங்கிச் செல்கிறார். கிடங்குக்காரர் முத்திரையைப் பார்த்து நூலைக் கொடுக்கிறார். நெசவாளரின் இரகசியச் சொல்லை அவர் கேட்பதும் இல்லை, அறிவதும் இல்லை. அவ்வாறே கடவுச்சொல் கம்பி வழியே பயணம் செய்வதில்லை. சீட்டுகளே பயணம் செய்கின்றன. காலைச் சீட்டு பொதுவாகப் பத்து மணி நேரம் செல்லும். பின்பு புதிது பெற வேண்டும்.

சீட்டில் நேரம் குறிக்கப்படுவதால், கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். வழக்கமாக ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் அனுமதி இல்லை. நம் குந்தா மின் நிலையங்களில், ஒரு மின்னாக்கியைப் பொது மின்தொடரில் இணைக்குமுன் அதன் சுழற்சியை மற்றவற்றோடு ஒத்திசைக்கிறார்கள் அல்லவா? இங்கும் அதே நியாயம். கடவுச்சொல் சரியாயிருந்தும் நுழைவு மறுக்கப்பட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது நலம்.

சாம்பா என்னும் பாலம்

2000-ல் விண்டோஸ் 2000-உடன் வெளிவந்த ஆக்டிவ் டைரக்டரி, எல்டாப்பையும் கெர்பரோஸையும் ஒன்று சேர்த்த பெயரேடு ஆகும். விலை கொடுத்து அதை வாங்க வசதியுள்ள நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளலாம். சிறு சங்கங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அதன் வரலாறு கூட்டுறவாளர் அறியத்தக்கது.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், யூனிக்ஸ் சர்வரிலிருந்து மற்றக் கணினிகள் கோப்புகளைப் பெறுவதற்காக 1990-களின் தொடக்கத்தில் எழுதிய நிரலே பின்னர் சாம்பா எனப் பெயர் பெற்றது. அதன் மூலத்தைப் பலரும் பார்த்துத் திருத்த விட்டதால், பல நாட்டார் கூடி அதை வளர்த்தனர். விண்டோஸ் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை மைக்ரோசாப்ட் முழுமையாக வெளியிடாதிருந்தமையால், அதைக் கம்பியில் கவனித்துக் கவனித்தே அவர்கள் அறிய வேண்டியிருந்தது. அம்முறையைப் போட்டியாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமென ஐரோப்பிய ஆணையம் 2004-ல் ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ செலுத்தி அந்த ஆவணங்கள் சாம்பா குழுவினருக்காகப் பெறப்பட்டன. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0, விண்டோஸ் கணினிகளுக்கும் தானே ஆக்டிவ் டைரக்டரி சர்வராக நின்று பணியாற்றும் திறன் பெற்றது. பலர் கூடி உழைத்த அந்தப் பலன் இன்று விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதைக் கற்றுப் பராமரிக்க ஒருவர் வேண்டும், அச்செலவை மறந்துவிடலாகாது.

சங்கம் செய்ய வேண்டியவை

1. முதலில் காகிதத்தில் பட்டியல் எழுதுக. பணிபுரிவோர் ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர். பொதுப் பெயர்களை ஒழித்துவிடுக. விலகியவர்களை நீக்குக.

2. பெயரேட்டிற்கு ஒரு களப்பெயர் வேண்டும். சங்கம் தன் பெயரில் பதிவு செய்துள்ள இணையப் பெயரின் உட்பெயராக அதைத் தேர்ந்துகொள்க. பின்னால் மாற்றுவது மிகக் கடினம்.

3. பெயரேடு இரண்டு சர்வர்களில் இருக்கட்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். கணினிகள் சர்வரைத் தேடிக் கண்டுபிடிப்பது டி.என்.எஸ். மூலமே, அது இந்தச் சர்வர்களைச் சுட்டுமாறு அமைத்து, எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேர சர்வரோடு இணைக்க வேண்டும்.

4. விண்டோஸ் கணினிகளைக் களத்தில் சேர்க்குமுன் பதிப்பைப் பார்க்கவும். ஹோம் பதிப்பைச் சேர்க்க இயலாது. புரோ முதலிய பதிப்புகள் வேண்டும். புதுக் கணினி வாங்கும்போதே இதை நினைவில் வைப்பது சிக்கனம்.

5. லினக்ஸ் கணினிகளில் எஸ்.எஸ்.எஸ்.டி. அல்லது சாம்பாவின் வின்பைண்ட் இவ்வேலையைச் செய்யும். எண் மாற்றும் விதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என இரண்டு கணினிகளில் ஒரே பெயரின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பின்பே மேலே செல்க. பழைய கோப்புகளின் உரிமையைப் புதிய எண்ணுக்கு மாற்றவும் மறவாதீர்.

6. முதலில் ஒரே ஒரு கணினியில் ஒரு மாதம் நடத்திப் பார்க்கவும். இலைப் பட்டுவாடா நடக்கும் வாரத்தில் எதையும் மாற்றலாகாது.

7. ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர் நிர்வாகி பெயர் ஒன்றை வைத்து, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்துக் காரியதரிசியின் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். பெயரேடே பழுதான நாளில் அதுவே உதவும்.

சில எச்சரிக்கைகள்

மழைக்காலத்தில் நம் மலையில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோவது சகஜம். அலுவலக சர்வரை எட்ட முடியாத கொள்முதல் நிலையத்தில் எடை பதிவதே நின்றுவிடலாமா? முன்னர் அக்கணினியில் நுழைந்தவரின் சான்றை நினைவில் வைத்து, தொடர்பு இல்லாதபோதும் அனுமதிக்கும் வசதி விண்டோஸிலும் எஸ்.எஸ்.எஸ்.டி.-யிலும் உண்டு. ஆயினும் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், தொடர்பு மீளும்வரை அந்தக் கணினியில் நுழையக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எத்தனை நாள் அனுமதிப்பது என்பதைக் கமிட்டி தீர்மானிக்கட்டும்.

ஒரே திறவுகோல் எல்லாக் கதவுகளையும் திறக்குமாயின், அது களவு போனால் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும். ஆதலால் கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். நிர்வாகியின் பெயரை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. பணப் பட்டுவாடா செய்யும் பெயர்களுக்கு இரண்டாவது சான்று ஒன்றும் இருத்தல் நலம். பெயரேட்டின் பிரதியை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஒருவர் ஓய்வு பெறும் நாளில் சாவிக்கொத்தைத் திரும்பப் பெறுவதுபோல், அவருடைய பெயரையும் அன்றே முடக்கிவிட வேண்டும். முன்பு நான்கு இடங்களில் தேடிச் செய்த இவ்வேலை இப்போது ஓரிடத்தில் முடிந்துவிடும். பொது நுழைவினால் வரும் பெரிய நன்மை இதுவே எனலாம்.

பெயரேட்டை அமைத்துத் தருபவர் வெளியாராக இருக்கலாம். ஆனால் அதன் தலைமைத் திறவுகோல் சங்கத்திடமே இருக்க வேண்டும். அமைப்பு முறையை எழுதி வாங்கி, நிர்வாகக் கமிட்டிக் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் காரியதரிசியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “என் எடையைப் பதிந்தவர் யார், திருத்தியவர் யார் என்று நம் கணினி பெயர் சொல்லுமா?” சொல்லும் என்ற விடை வருமாயின், அங்கத்தினரின் உழைப்புக்கும் எழுத்தரின் நாணயத்துக்கும் ஒருசேரக் காவல் கிடைத்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையலாம்.