ஸ்ரீரங்கத்தில் எத்தனை ரங்கராஜன்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நின்னு, 'டேய் ரங்கா!' என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்க. குறைஞ்சது நாலு தலையாவது திரும்பும். பெருமாளே ரங்கநாதர். அப்புறம் வீட்டுக்கு ஒரு ரங்கன், ரங்கராஜன் இல்லாமலா? இப்படிப்பட்ட ஊரில், 'நான் வேற' என்று காட்டுவது லேசான காரியமா?

ரெண்டு ரங்கராஜன்கள் காட்டினாங்க. ஒருத்தர் எஸ்.ரங்கராஜன்... நம்ம சுஜாதா. இன்னொருத்தர் டி.எஸ்.ரங்கராஜன்... நம்ம கவிஞர் வாலி.

பெயர் வந்த கதையே சுவாரஸ்யம். 'குமுத'த்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமே என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார் சுஜாதா. வாலிக்கோ முதலில் ஓவியம்தான் உயிர். விகடன் ஓவியர் மாலி மாதிரி வரணும்னு கனவு. அதனால் பள்ளித் தோழன் ஒருவன் சூட்டிய பெயர்தான் வாலி.

ஆக, ஒரு பெயர் இரவல், இன்னொன்று எதுகை! தனித்தன்மை எங்கே பாஸ் இருக்கு? பேரில் இல்லை. அந்தப் பேருக்குக் கீழே என்ன வந்துச்சு என்பதில் இருக்கு.

சுஜாதா வளர்ந்தது ஸ்ரீரங்கத்துப் பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. (ரெண்டு இடத்திலும் கூடப் படிச்சவர் அப்துல் கலாம்!) பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர் வேலை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு. எழுதணும்னு அவர் வேலையை உதறலை. படிச்ச சயின்ஸை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார். ஒருத்தன் படி இறங்கினால், அந்த எழுத்துகளையே படிப்படியா இறங்க வைத்தார். பெங்களூரில் இருந்துகொண்டே ஸ்ரீரங்கத்துத் தெருக்களைக் கதைகளாக எழுதினார்.

வாலி ரூட்டே வேற. நண்பர்களோடு சேர்ந்து 'நேதாஜி' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி! அப்புறம் திருச்சி வானொலியில் எழுதினார். முருகன் மேல் ஒரு பாட்டெழுதி, போஸ்ட் கார்டில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அந்த அறிமுகம்தான் சென்னைக்கு இழுத்தது. அங்கே சில வருஷம் வாய்ப்பில்லாமல் அல்லாட்டம். 1963-ல் 'கற்பகம்' வந்த பிறகுதான் வெளிச்சம்.

அதுக்கப்புறமும் ஒரு சிக்கல். வாலி எழுதிய பாட்டைக் கண்ணதாசன் பாட்டு என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இன்னிக்கும் உண்டு. இன்னொருத்தர் நிழலில் நிற்பது வலிக்கும்தான். அவர் எழுதுவதை நிறுத்தலை. 'காதலன்' (1994) படத்தில் முக்காபுலா பாட்டு எழுதியபோது வயசு அறுபதைத் தாண்டியாச்சு! அதில் யார் நிழல் இருந்தது, சொல்லுங்க?

இப்போ உங்க மேட்டருக்கு வருவோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி காலேஜுக்குப் போகிற கூட்டத்தில் நீங்களும் ஒருத்தர். ரெஸ்யூம், சீனியர்கிட்ட வாங்கின அதே ஃபார்மட். ரீல்ஸ், ஊரே போடுகிற அதே ஆடியோ. கவிதையைக்கூட ஏ.ஐ. எழுதிக் கொடுக்குது. ஒரு சின்ன டெஸ்ட்... அதில் இருந்து உங்க பேரை எடுத்துட்டா, அது உங்களுடையதுன்னு உங்க ஃப்ரெண்டால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாதுன்னா பதற வேண்டாம். வாலியும் மாலி ஆகணும்னுதான் ஆரம்பிச்சார். யாரையோ பார்த்துத் தொடங்குவது தப்பில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டால்தான் வம்பு. வேலையை விட்டால்தான் கலை என்பதும் இல்லை, சுஜாதா சாட்சி. உங்க தெரு, உங்க சப்ஜெக்ட், உங்க பாட்டி பேசுகிற பேச்சு... இதெல்லாம் வேற யார்கிட்டயும் இல்லாத சரக்கு. அதை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்க, வரையுங்க, மெட்டுப் போடுங்க. நாலு பேர் சிரிச்சாலும் அடுத்த வாரம் இன்னொரு பக்கம்.

பேர் வைக்கிறது அப்புறம் பார்த்துக்கலாம்!