சம்பளம் இல்லை, ஆனாலும் வேலைதான்
சேவைக்குப் புறப்படுகிறவர்கள் – 7

"நான் என்ன சம்பாதிக்கவா போறேன்? சும்மா உதவி செய்யத்தானே போறேன், டூரிஸ்ட் விசா போதாதா?" தேனி, கம்பம் பக்கத்திலிருந்து வெளிநாட்டுத் தொண்டுப் பணிக்குக் கிளம்பும் பிள்ளைகள் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் போதாது. பல நாடுகளின் குடியேற்ற விதிகள், கையில் காசு வருகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. என்ன காரியம் செய்யப் போகிறாய், யாருக்காக, எத்தனை நாள் என்றுதான் பார்க்கின்றன.

நம் ஊருக்கு வருகிறவர்களை வைத்துப் பார்த்தால் இது சுலபமாக விளங்கும். நெடும்பாசேரியில் இறங்கி, குமுளி மலைப்பாதை வழியாகக் கூடலூருக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில் தொண்டு வேலைக்கும் இடம் உண்டு. ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான். பணமோ வேறு எந்தவிதப் பிரதிபலனோ வாங்கக் கூடாது. 'எந்தவித' என்பதைக் கவனியுங்கள். திராட்சைத் தோட்டத்தில் ஒத்தாசை செய்துவிட்டு அதற்கு ஈடாகத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் வாங்கிக்கொள்வதுகூட இந்த வரியில் இடிக்கும். ஆண்டிபட்டி ஆரோக்கிய அகம் போன்ற தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் இருந்து பணி செய்ய வேண்டுமென்றால், அதற்கு எம்ப்ளாய்மென்ட் விசாதான். சம்பளமே இல்லாத ஆளுக்கு வேலை விசா! விசா 180 நாளைத் தாண்டினால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விருந்தாளியாக வீட்டில் தங்கவைப்பவரும் 24 மணி நேரத்துக்குள், முன்பு 'ஃபாரம் சி' என்றிருந்த தகவல் படிவத்தை ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். இது லாட்ஜ்காரர்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது திசையை மாற்றுவோம். பிரிட்டனுக்குச் சாதாரண விசிட்டர் விசாவில் போகிறவர், பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம். அதற்கு மேல் என்றால் 'சேரிட்டி ஒர்க்கர்' விசா வேண்டும். அதிகபட்சம் 12 மாதம், சம்பளம் கிடையாது. அழைக்கும் நிறுவனம் அரசிடம் உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். அது தரும் ஸ்பான்சர் சான்று இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. கையில் 1,270 பவுண்டு 28 நாள் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும், அல்லது அந்த நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிற இந்தியர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வைக்க வேண்டும். கைரேகை கொடுக்கச் சென்னைக்கு ஒரு நடை உண்டு. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. ஆனால் தினசரி வண்டி இல்லை, கிழமை பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

இதெல்லாம் பட்டியல் பார்த்துச் செய்துவிடக்கூடியவை. நம் பிள்ளைகள் நிஜமாகவே திணறுவது பெயரில்தான்.

'பி. மாயாண்டி' என்று ஒரு பையன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், வெளிநாட்டில் எல்லோரும் அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது சகித்துக்கொள்ளக்கூடியது. கட்டத்தைக் காலியாக விட்டால்தான் வம்பு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அமெரிக்க விசாவிலோ முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடித்து விடுவார்கள்; 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போதே!

ஆகவே முதல் வேலை, பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு அழைப்புக் கடிதம், டிக்கெட், இன்சூரன்ஸ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து வரட்டும். மார்க் ஷீட் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் பணி என்றால் போலீஸ் நற்சான்றும் கேட்பார்கள். அதற்கும் பாஸ்போர்ட் சேவா தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உண்டு. தென் மாவட்டத்துக்காரர்கள் இதற்குப் பல காலமாகப் போவது தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகத்துக்கு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டை போகும்போது மட்டும் தேவை என்று எண்ணி அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

"டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்டை அந்த நிமிடமே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கிய தமிழர்கள், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சை நம்பிப் போனவர்கள். அவர்களைச் சேர்த்துவிட்ட இடம் ஆன்லைன் மோசடிக் கூடாரம். தொண்டுப் பணி என்ற பெயரிலும் இதே தூண்டிலைப் போட முடியும். சேவை செய்ய வருகிறவரிடமே லட்சக்கணக்கில் கேட்கிற 'நிறுவனம்' எதுவானாலும், அந்த நாட்டு அரசின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

இமிக்ரேஷன் கவுன்டரில் "எதற்கு வந்தாய்?" என்றால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள்: இந்த நிறுவனம், இந்த ஊர், இத்தனை மாதம், தொண்டுப் பணி. கடிதத்தை ஃபோனில் மட்டும் நம்பி வைக்காமல் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். சரியான விசா வாங்கியவருக்கு அங்கே மறைக்க எதுவும் இருக்காது.

அடுத்த வருடம் கிளம்பும் யோசனை உள்ளவர்கள் இந்த வாரமே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் விசாவைப் பற்றி யோசிக்கும் முன் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

(தொடரும்)