கருவின் மூளை அறையும் பத்து மில்லிமீட்டரும்

ஜெலுத்தோங் வட்டாரத்திலும் கருவுற்ற பெண்கள் ஐந்தாம் மாத அளவில் ஸ்கேன் படம் எடுத்துக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. ‘மூளை அறை சற்று அகன்றிருக்கிறது’ என்று மருத்துவர் கூறிய மாத்திரத்தில் குடும்பமே கலங்கிவிடுகிறது; பாட்டிமார் அதற்கு ‘நீர்த்தலை’ என்று பெயரும் சூட்டிவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதையே ஈண்டு விளக்கப் புகுகிறோம்.

மூளையினுள்ளே நான்கு அறைகள் உள. அவற்றில் சுரக்கும் தெளிந்த நீர் குறுகிய வாய்க்கால் வழியே வெளிப்போந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, பின்னர் இரத்தத்தில் கலந்துவிடும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவு சுரக்கிறது; ஒரே சமயத்தில் இருப்பதோ ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். ஓட்டம் தடைப்பட்டு நீர் தேங்கி அழுத்துவதே நீர்த்தலை. அறை அகலுதலோ ஓர் அடையாளம் மட்டுமே. அதற்குக் காரணங்கள் பல.

10 மி.மீ. என்னும் எல்லை எங்கிருந்து வந்தது? கரு வளர வளரத் தலை பெருக்கும். ஆயினும் பக்க அறையின் அகலம் நான்காம் மாதம் முதல் பேறுகாலம் வரை பெரிதும் மாறுவதில்லை. 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் அளந்து கண்ட சராசரி 7.6 மி.மீ. அதற்கு வெகு தொலைவில் இட்ட கோடே 10. தேர்ச்சிக்கு 40 மதிப்பெண் என்றால், 39 பெற்ற மாணவன் மூடனாகிவிடுகிறானா? இதுவும் அத்தகையதே.

அகலம் 10 முதல் 12 வரை இருந்து, வேறு குறை எதுவும் காணப்படாவிடில், 100-க்கு 90-க்கு மேற்பட்ட குழந்தைகள் இயல்பாகவே வளர்கின்றன. 15-ஐத் தாண்டினால் கவலைக்கு இடமுண்டு. வாய்க்கால் அடைப்பு, தண்டுவடக் குறை, குரோமோசோம் மாறுபாடு, தாயிடமிருந்து தொற்றிய கிருமி ஆகியன காரணமாகலாம். ஆகவே மருத்துவர் கருவை உறுப்பு உறுப்பாக ஆராய்வர். தாயின் இரத்தத்தைச் சோதிப்பர். வேண்டுமாயின் பனிக்குட நீரையும் எடுத்துப் பார்ப்பர். சில வாரம் கழித்து மறுபடி அளப்பர். இக்காத்திருப்பு கொடிது. ‘கிரகணத்தன்று வெளியே போனாயா?’ என்று அத்தாயைக் கேட்பது அதனினும் கொடிது.

உண்மையான நீர்த்தலைக்கும் வழியுண்டு. 1950-களில் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளி தம் மகனின் பொருட்டு வால்வு ஒன்றைச் செய்தார். தேங்கிய நீரை உடலின் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் வடிகுழாய்ச் சிகிச்சை அதனால் நம்பத்தக்கதாயிற்று. தமிழகத்திலோ, டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியிருந்தார்.

அத்தகைய குழாய் பொருத்திய பிள்ளைகள் நம் வகுப்புகளுக்கும் வருவர். அப்பிள்ளை தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் காட்டினால் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. குழாய் அடைபட்டிருக்கக்கூடும், பெற்றோருக்கு அறிவித்து, அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.