'அதிக அபாயம்' என்று முத்திரை குத்தினால், அணை உடையப் போகுதுன்னு அர்த்தமா?

மீன் பிடிக்கலாம், படகு விடலாம், கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சின்ன ஏரிகள் ஏராளம். பலவற்றின் தண்ணீரைத் தாங்கி நிற்பது ஒரு மண் அணை. ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி, இறுக்கிக் கட்டியது.

அவற்றில் சில, அரசாங்கப் பதிவேட்டில் "அதிக அபாயம்" என்ற பிரிவில் இருக்கும். அப்படின்னா உடையப் போகுதா? அப்படியில்லை.

பிரிவு எதைச் சொல்கிறது?

அணை உடைந்தால் ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் "அதிக அபாயம்". உயிரிழப்பு இருக்காது, ஆனால் சாலை, மின்சாரம், சுற்றுச்சூழல் பாதிக்கப்படலாம் என்றால் நடுப்பிரிவு. சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் "குறைந்த அபாயம்".

கவனிச்சீங்களா? அணை எந்த நிலையில் இருக்கிறது என்ற பேச்சே இல்லை. கீழே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நன்றாகப் பராமரிக்கப்படும் அணையும் முதல் பிரிவில் இருக்கலாம். மோசமான அணை, கீழே வெறும் காடு என்பதால் கடைசிப் பிரிவில் இருக்கலாம். அணையின் நிலையைத் தனியாகச் சோதிப்பார்கள். குழப்பமான பெயர்தான்!

தூங்கிக்கொண்டிருந்த கல்லூரி

ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா நகருக்கு அருகே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. உயரம் சுமார் 12 மீட்டர். ஏறக்குறைய நான்கு மாடிதான். முதலில் மின்சாரம் தயாரிக்கப் பயன்பட்டது. 1957க்குப் பிறகு அந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே.

அணைக்குக் கீழே ஓர் அருவி. அருவிக்குக் கீழே ஒரு பைபிள் கல்லூரி, மாணவர் விடுதி, குடும்பங்கள் தங்கிய வீடுகள்.

1977 நவம்பர் 6. கனத்த மழை. அதிகாலை சுமார் 1.30 மணிக்கு அணை உடைந்தது. கிட்டத்தட்ட 300 ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பும் அளவு தண்ணீர் பாய்ந்து வந்தது. 39 பேர் மாண்டனர். பலர் குழந்தைகள்.

ஒரே காரணத்தை விசாரணையாளர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அணையின் பின்சரிவு மிகவும் செங்குத்தாக இருந்தது. 1973ல் எடுத்த ஒரு படத்திலேயே அங்கு மண் சரிந்திருந்தது தெரிந்தது.

என்ன பார்ப்பார்கள்?

சரிவில் வளர்ந்த மரங்கள், விலங்குகள் தோண்டிய வளைகள், மழையில்லாத நாளிலும் ஈரமாக இருக்கும் இடம். மண் அணையில் கொஞ்சம் நீர் கசிவது வழக்கம். கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால்? அணை உள்ளேயிருந்து கரைகிறது. அதுதான் உடனே ஓட வேண்டிய நேரம்.

டொக்கோவா பேரிடருக்குப் பிறகு, கூட்டரசுக்குச் சொந்தமில்லாத அதிக அபாய அணைகளைச் சோதிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் உத்தரவிட்டார். ராணுவப் பொறியாளர்கள் சுமார் 9,000 அணைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரியவந்தது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டியது அந்தப் பிரிவுதான்.

இன்னொரு சிக்கல், பிரிவு நிரந்தரம் இல்லை. காடாக இருந்த இடத்தில் வீடுகள் வந்தால், அணையில் ஒரு பிடி மண்கூட மாறாமலேயே அது "அதிக அபாயம்" ஆகிவிடும். உடனே விதிமுறைகள் கடுமையாகும். அந்த வீடுகளைக் கட்டியவர் வேறு ஒருவர். ஆனால் அணையைப் பலப்படுத்தும் செலவு பெரும்பாலும் ஏரியின் சொந்தக்காரர் தலையில்தான் விழும்.