மூன்று மாவட்டங்களைக் கண்ட பள்ளிக்கூடங்கள்

தாராபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் 1970-களில் படித்தவரின் டி.சி.யில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றிருக்கும். அதே பள்ளியில் அவர் மகள் படித்தபோது அது ஈரோடு மாவட்டம். பேரன் இன்று திருப்பூர் மாவட்டத்து மாணவன். 1979-இல் பெரியார் மாவட்டம் பிறந்து பின்னர் ஈரோடு என்று பெயர் மாறியது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம் அங்கே சேர்ந்தது. இத்தனை மாற்றத்திலும் இடம் மாறாமல் நின்றவை பள்ளிக்கூடங்கள்தாம். ஆனால் அவற்றின் வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டிய நேரம் இது.

திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கொங்கு நாட்டைக் கும்பினியார் வடக்கு, தெற்கு என்று பிரித்து இரண்டு கலெக்டர்களிடம் கொடுத்தார்கள். வடக்கே பவானி, தெற்கே தாராபுரம் தலைமையிடம். 1804-இல் இரண்டும் ஒன்றாகிக் கோவை முன்னுக்கு வந்தது. தாராபுரம் சந்தைக்கும் தாலுகா கச்சேரிக்கும் வந்துபோகும் ஊராக நின்றுவிட்டது. அமராவதிப் பாசனத்தை விட்டால் சுற்றிலும் மானாவாரிக் காடு. மூலனூர், குண்டடம் பக்கம் மழையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, பிள்ளைகளை வேறு பிழைப்புக்கு அனுப்ப இருந்த வழி பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

இரண்டு அமைச்சர்கள்

அந்த வழியை அகலப்படுத்தியவர்களில் இருவர் கொங்கு மண்ணின் மைந்தர்கள். திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக வேரூன்றப் பாடுபட்டவர், திருக்குறளைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தவர். அறிவியலைத் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு நூல் வேண்டுமே என்று அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொடுத்தது. தூரனும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அடுத்தவர் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். காமராஜர் அமைச்சரவையில் கல்வியும் நிதியும் அவர் கையில் இருந்தன. குலக்கல்வித் திட்டம் 1954-இல் கைவிடப்பட்டது. ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. ஊர்மக்கள் தானியமும் காசும் கொடுக்கப் பகலுணவுத் திட்டம் வளர்ந்தது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் பொதுமக்களிடமிருந்தே வந்தன.

ஜில்லா போர்டு ஹைஸ்கூல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் பள்ளிகள் 1970-இல் அரசுப் பள்ளிகளாயின. 1978-இல் பிளஸ் டூ வந்ததும் கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குப் புதிய சிக்கல் முளைத்தது. பத்தாவது முடித்தவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மேலே படிக்கத் தாராபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். பஸ் இல்லாத ஊரில் படிப்பு அங்கேயே முடிந்தது. அதனால்தான் பள்ளியைத் தரம் உயர்த்துவது ஊர்ப் பிரச்சினையானது. உயர்நிலையாக்க ஒரு லட்சம், மேல்நிலையாக்க இரண்டு லட்சம் என்று அரசு கேட்ட பங்களிப்புத் தொகையை ஊர்கள் வீடு வீடாக வசூலித்துக் கட்டின. சொந்த நிலத்தை எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு.

மில்லுக்கும் வகுப்புக்கும் நடுவே

இந்த வட்டாரத்தில் படிப்பு நிற்க வறுமை மட்டும் காரணமல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினைந்து வயதுப் பையனுக்கும் வாரச் சம்பளம் கிடைத்த காலம் இருந்தது. கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஸ்பின்னிங் மில்கள் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டமும் இருந்தது. பிள்ளைகளை வகுப்பில் இருத்தியவை நான்கு: 1984-இல் உயர்நிலை வகுப்புகளுக்கும் விரிந்த சத்துணவு, இலவச பஸ் பாஸ், சைக்கிள், வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசிய ஆசிரியர்கள். இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கே, 2024 பிளஸ் டூ தேர்வில் திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்ததன் முழு மதிப்பும் புரியும்.

2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவே நுழைந்த இடத்தில், முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். திறமை எப்போதும் இருந்தது, கதவுதான் சாத்தியிருந்தது.

மைதானம்

குறுவட்டப் போட்டி, பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு: இந்த வரிசையில் மாவட்டம் தாண்டி மாநில அளவுக்குப் போவதுதான் அரசுப் பள்ளி விளையாட்டுப் பிள்ளையின் கனவு. கோ-கோ, கபடி, வாலிபால் எல்லாம் காசில்லாதவர்களும் ஆடக்கூடியவை. தேவை ஒரு மைதானமும் ஒரு பி.டி. வாத்தியாரும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், சிறு வயதில் பஸ் சக்கரம் ஏறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். அந்தப் பையன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அத்தகைய ஆசிரியர் இல்லாத பள்ளியில் எத்தனை மாரியப்பன்கள் கவனிக்கப்படாமலே போயிருப்பார்கள்! விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இனியாவது ஒழிய வேண்டும்.

யார் யார் படித்தார்கள்?

கிணத்துக்கடவு அருகே கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008-இல் நிலவுக்குப் போன சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநரானார். நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதற்கு அந்தப் பயணம் சான்று தந்தது. தாராபுரத்துக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர், 1933-இல் அங்கே பிறந்த நடிகர் நாகேஷ்.

பெரிய பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. தலைமையாசிரியர் அறையின் பெயர்ப்பலகையும் சேர்க்கைப் பதிவேடும்தான் பள்ளியின் முழு வரலாறு. குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவர், முதல் செவிலியர், முதல் வி.ஏ.ஓ., முதல் ஆசிரியை எல்லாரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள். தாள் மடிந்து உதிர்வதற்குள் அதைப் படியெடுக்க வேண்டும். நிலம் கொடுத்தவர், மணி அடித்தவர், சத்துணவு ஆக்கியவர் பெயர்களையும் மூத்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைக்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை பழைய மாணவர் சந்திப்பு நடத்திச் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறவர்கள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆய்வகம் திறக்கிறதா, பி.டி. வாத்தியார் பணியிடம் காலியா என்று மாதம் ஒரு முறை போய்க் கேட்பதும் வரலாறு எழுதுவதன் தொடர்ச்சியே. அன்று நம் ஊர்கள் கைப்பணம் போட்டு எழுப்பிய பள்ளிகள் இவை. அங்கே படித்து முன்னேறியவர்கள் இவற்றைக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.