தக்காணப் பசால்ட்

வகை: வெளிப்புறத் தீப்பாறை
வயது: சுமார் 6.6 கோடி ஆண்டுகள்
பரவல்: மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், அவற்றை ஒட்டிய பகுதிகள்

பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது தீப்பாறை உருவாகிறது. குழம்பு எங்கே, எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதே அதன் படிகங்களின் அளவைத் தீர்மானிக்கிறது.

தக்காணத்தில் குழம்பு நிலப்பிளவுகளின் வழியே லாவாவாக வெளியேறி, அடுக்கடுக்காகப் பரவியது. விரைவில் குளிர்ந்ததால் படிகங்கள் பெரிதாக வளரவில்லை. அவை வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. கிரானைட் போன்ற பாதாளப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்பவை. அவற்றின் படிகங்களைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். டோலரைட் போன்ற இடைப்பாறைகள் அதிக ஆழமில்லாத பிளவுகளில் இறுகியவை. அவற்றின் படிகங்கள் நடுத்தர அளவுடையவை.

தீப்பாறைகளைச் சிலிகாவின் அளவைக் கொண்டும் வகைப்படுத்துவர். கிரானைட்டில் சிலிகா சுமார் 70 விழுக்காடு. ஆகவே அது பெரும்பாலும் வெளிர் நிறமுடையது. பசால்ட்டில் சுமார் 50 விழுக்காடே. அதில் இரும்பும் மக்னீசியமும் மிகுதி; ஆகவே அது கருமையாகவும் கனமாகவும் இருக்கிறது. பசால்ட்டின் அதே வேதிச் சேர்மானமுள்ள குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தால் பெரிய படிகங்கள் கொண்ட காப்ரோ உருவாகும்.

பசால்ட் சிதைந்து கரைந்ததால் உண்டானதே மகாராஷ்டிரத்தின் பருத்தி விளையும் கரிசல் மண். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டது.